வரிசையின் கடைசிக் கூடை

கார்பாத்திய மலையைத் தாண்டி வந்த ஈஸ்டர் காலை வெயில் கோயில் சுவரில் மஞ்சளாகப் படிகிறது. சுவரோரமாக வரிசையில் நாங்கள் கூடைகளோடு நிற்கிறோம். தவக்காலம் முழுக்க இறைச்சி தொடாத எங்களுக்கு, கூடைகளை மூடிய பூத்தையல் துணிக்கடியிலிருந்து எழும் பன்றித்தொடை வாசனை வயிற்றைக் கிள்ளுகிறது. தீர்த்தம் தெளித்த பிறகுதான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம். வாசலருகே முதல் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. அது எப்போதும் ஊர்த்தலைவருக்கு. புதுத் தலைவர் மெத்தோத் கூடையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வருகிறார்.

“இங்க வாங்க தலைவரே, உங்க இடம்!” என்று இரண்டாவதாக நிற்கும் தெக்லா கூப்பிடுகிறாள்.

“வந்ததே லேட்டு, இதுல முதலிடம் வேறயா?” என்று சிரித்தபடி அவர் வரிசையின் கடைசிக்குப் போய், பின்கதவருகே கூடையை வைக்கிறார். அந்த நேரம் பார்த்து, வழக்கமான முன்வாசலுக்குப் பதில் பின்கதவு திறக்கிறது. ஒரு கையில் வாளியும் மறுகையில் தூரிகையுமாக வெளியே வரும் இசிதோர் சாமியார், எதிரே நிற்பவர்மேல் முதல் தீர்த்தத்தை வீசுகிறார். மெத்தோத்தின் மீசை சொட்டச் சொட்ட நனைகிறது. வரிசை முழுக்கச் சிரிப்பு வெடிக்கிறது.

“கடைசியில நிக்கிறவங்க முதல்ல வருவாங்கன்னு ஆண்டவர் அப்பவே சொல்லிட்டாரே, தலைவரே!” என்கிறார் சாமியார்.

மெத்தோத் முகத்தைத் துடைக்கவில்லை, தீர்த்தம் பட்டாயிற்று என்று வீட்டுக்கும் கிளம்பவில்லை. சாமியார் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொள்கிறார். அது தளும்பி அவருடைய புதுச் சப்பாத்தில் கொட்டுகிறது.

“வெரசா நடங்க சாமி, எல்லாரும் பசியில நிக்கிறாங்க.”