எப்பிங் காட்டில் கூடாரம்

எப்பிங் காட்டில் மயிரடர்ந்த மனிதக்குரங்கு ஒன்று திரிவதாகக் கேள்விப்பட்டு, தொண்ணூற்றிரண்டாம் ஆண்டுக் கோடையில் கோலியர்ஸ் வுட்டிலிருந்து கூடாரத்தோடு போனார் சவிரிமுத்து. செய்த ஒரே பிழை, மனைவியின் தம்பி டேமியனையும் கூட்டிப்போனது.

காலடித் தடத்தைக் காட்டினால் நாய் என்றான். முறிந்த கொப்பைக் காட்டினால் காற்று என்றான்.

"அத்தான், உங்களுக்கு விசர்," என்று சாப்பிடும்போதும் சிரித்தான். பொறுக்க ஏலாமல், அவன் நித்திரையானதும் சவிரிமுத்து போர்வையை எடுத்துக்கொண்டு காருக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் தேநீரோடு வந்தார். கண்ணைக் கசக்கியபடி வெளியே தவழ்ந்துவந்த டேமியன், அவரைக் கவனிக்காமல் கூடாரத்தைப் பார்த்துச் சத்தம்போட்டான்.

"எழும்புங்கோ அத்தான்! இரவு முழுக்க நெருக்கி நெருக்கி, என்னை நித்திரை கொள்ள விடேல்லை."

"நான் காருக்குள்ளையெல்லோ படுத்தனான்," என்றார் சவிரிமுத்து, அவனுக்குப் பின்னால் நின்று.

கூடாரத்துக்குள் ஏதோ புரண்டு படுத்தது. துணி இரண்டு பக்கமும் புடைத்தது.