நாற்பது விநாடிப் பாட்டு

தயாளன் வீட்டுக்கு வந்த புது ஸ்பீக்கர், மூலையில் கிடந்த பழைய ஸ்பீக்கரிடம் சொன்னது: "உன்கிட்ட பேஸ் பத்தலைன்னு சார் சொன்னார்."

பழையதற்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தாளா சொன்னான்? மூணு வருஷமா வர்றவன் போறவனுக்கெல்லாம் ஒரே பாட்டுல தபேலா வர்ற நாற்பது விநாடியைத்தான் போட்டுக் காட்டினான். பாடகி வாயைத் திறந்ததும் நிறுத்திட்டு, 'எப்படி இருக்கு?'ன்னு கேப்பான். ஒருநாளாவது அவளைப் பாட விட்டானா?"

"உனக்குப் பொறாமை" என்றது புதியது.

மாலையில் விருந்தாளி வந்தார். தயாளன் அதே பாட்டைப் போட்டார். தபேலா அறையையே அதிர வைத்தது. பாடகி பாட மூச்சை இழுத்தாள்.

தயாளன் பாட்டை நிறுத்தினார். "எப்படி இருக்கு?"

"யோவ், அவளைப் பாட விடுய்யா!" என்று கத்தியது புது ஸ்பீக்கர்.