ரயிலை விடுங்க, ரோட்டைப் பாருங்க!

மாதிரி ரயில் கண்காட்சியில், குறை சொல்லியே பேர் வாங்கிய நடுவர், ரயிலும் ரோடுமாகக் குட்டி ஊர் ஒன்று அமைத்திருந்த மேஜையை விட்டு நகரவே இல்லை. எதிரே அதைச் செய்த கணவரும் மனைவியும் பதற்றத்தோடு நின்றிருந்தார்கள்.

"ரயிலை விடுங்க, இந்த ரோட்டைப் பாருங்க! குழாய்க்குத் தோண்டி மூடின ஒட்டு மட்டும் புதுக் கறுப்பு. பஸ் நிக்கிற இடம் லேசா அமுங்கியிருக்கு. முதல் பரிசு உங்களுக்குத்தான்!" என்று கணவரின் கையைக் குலுக்கினார்.

"ரயில்தான் சார் நான் செஞ்சது. ரோடெல்லாம் என் சம்சாரம் போட்டது."

நடுவர் அசந்துபோனார். "பொழுதுபோக்குக்கே இவ்வளவு நுணுக்கமாம்மா?"

"பொழப்பே அதுதான் சார்" என்று சிரித்தார் மனைவி. "இப்ப கார்ல வந்தீங்களே, அந்த ரோடும் போன மாசம் நாங்க தார் ஊத்திப் போட்டதுதான்."

வழியெல்லாம் கார் குலுங்கவே இல்லை என்பது நடுவருக்கு அப்போதுதான் உறைத்தது.