ஐந்தரைக்கு மேல்

"எங்க இருக்கீங்க? குரல் ஏன் கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு?"

"மேஜைக்கு அடியில இருக்கேன். மெதுவாப் பேசு."

"ஐயோ, மறுபடியுமா? மூணாவது தடவை மாட்டினா வேலையே போயிடும்னு சொன்னீங்களே! பொண்ணு படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் கிடக்கு."

"அதுக்குத்தான் ஒளிஞ்சிருக்கேன். போனை வை."

"பக்கத்து வீட்டுல கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"திருடப் போயிருக்கேன்னு சொல்லு. அது கொஞ்சம் கௌரவமா இருக்கும்."

பில் குமாஸ்தா போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டார். நெஞ்சு பழைய லாரி மாதிரி உதறியது. மடியில் லேப்டாப். அதன் வெளிச்சம் கசியாதபடி தலையோடு சேர்த்து மழைக்கோட்டைப் போர்த்தியிருந்தார். ஐம்பது தாண்டிய மனிதர் செய்கிற காரியமில்லைதான். ஆனால் அவர் செய்துகொண்டிருந்த குற்றம் அப்படிப்பட்டது.

வேலை.

அந்தப் பார்சல் கம்பெனியில் முன்பெல்லாம் ஐந்தரைக்குக் கிளம்பினால்தான் குற்றம். ஒருநாள் முதலாளி எல்லாரையும் உட்கார வைத்து, "என்கிட்ட என்னதான் எதிர்பார்க்கறீங்க?" என்று கேட்டார். நேரத்தோடு வீட்டுக்குப் போகணும் என்றார்கள். கூட்டத்தோடு கூட்டமாகக் குமாஸ்தாவும் சொல்லித் தொலைத்தார். மறுவாரமே சட்டம் வந்துவிட்டது. ஐந்தரைக்கு மேல் யாரும் வேலை செய்யக்கூடாது. விளக்கை அணைத்துவிட்டு வாட்ச்மேன் டார்ச்சோடு சுற்றி வருவான். "நானே மாட்டினாலும் விடாதேன்னு அவன்கிட்ட சொல்லியிருக்கேன்" என்றார் முதலாளி. எல்லாரும் கை தட்டினார்கள்.

அதே வாரம் புது சாஃப்ட்வேரும் வந்தது. அங்கேதான் குமாஸ்தாவுக்குச் சனி பிடித்தது. கையால் எழுதிய காலத்தில் நாலு மணிக்கே பில்லெல்லாம் முடித்துவிட்டுக் காது குடைந்துகொண்டிருந்தவர், இப்போது ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடினார். இது வெளியே தெரிந்தால் அத்தனை வருஷ மரியாதையும் காற்றில் போய்விடும். இன்றைக்குப் 'பழக்கூடை'யில் வந்து முட்டிக்கொண்டு நின்றார். 'ப' கிடைத்துவிட்டது. 'ழ'வை மட்டும் காணோம். விடிந்தால் லாரி கிளம்ப வேண்டும்.

மாட்டியவர்களை வாட்ச்மேன் மறுநாள் ஊழியர் நலப் பிரிவு மேடத்திடம் ஒப்படைப்பான். நடையும் பேச்சும் பஞ்சு மாதிரி இருப்பதால் பஞ்சு மேடம் என்று பெயர். பழைய மேனேஜர் மாட்டைத் திட்டுவதுபோல் திட்டுவார். துடைத்துப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கலாம். இவளோ சோபாவில் உட்கார வைத்து, "உங்க மனசுல என்ன சார் இருக்கு?" என்பாள். முதுகுத்தண்டு சில்லிட்டுவிடும். போன தடவை கண்ணை மூடிக் கடலை நினைக்கச் சொன்னாள். நீச்சல் தெரியாத மனிதர். இரண்டு நாள் தூக்கம் போனது. மூன்றாவது தடவை என்றால், "உங்களுக்கும் இந்த வேலைக்கும் ஒத்துவரலையே சார்" என்று கனிவாகச் சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பி வைப்பாளாம்.

சரக்... சரக்...

குமாஸ்தா மூச்சை நிறுத்தினார். வாட்ச்மேனின் பூட்ஸ் இல்லை. புடவை உரசும் சத்தம். பஞ்சு மேடம்! சில நாளாக அவளே ரோந்து வருகிறாள் என்று கேள்விப்பட்டது நிஜம்தானா?

ஒரு நாற்காலி நகர்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஒவ்வொரு மேஜைக்கு அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தாள். குமாஸ்தாவின் நாற்காலியும் நகர்ந்தது. மழைக்கோட்டை யாரோ தூக்கினார்கள்.

"சார்...?"

"பேனா விழுந்துடுச்சு மேடம்."

"லேப்டாப்போடயா?"

அவ்வளவுதான். அணை உடைந்த மாதிரி கொட்டிவிட்டார். "வேணும்னு செய்யல மேடம். எனக்கு டைப் அடிக்க வரல. எழுத்தைத் தேடியே பொழுது போயிடுது. யார்கிட்டயும் சொல்லல. என்னை அனுப்பிடாதீங்க மேடம், பொண்ணு படிச்சிட்டிருக்கா..."

"ஷ்ஷ்! கத்தாதீங்க சார். தள்ளி உக்காருங்க."

அவள் தவழ்ந்து உள்ளே வந்து நாற்காலியை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் கக்கத்திலும் ஒரு லேப்டாப்.

"மேடம்... நீங்க என்னைப் பிடிக்க வரலையா?"

"நான் எங்க சார் பிடிக்கறது? பகல் பூரா எல்லார் மனசையும் கேக்கறேன். கேட்டதை எழுத எப்போ நேரம்? நானும் ரெண்டு தடவை மாட்டியாச்சு. ஒளிய ஒரு நல்ல மேஜை கிடைக்குமான்னுதான் நாலு நாளா அலையறேன்."

குமாஸ்தாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாதியில் உறைந்தது.

க்ரீச்... க்ரீச்...

கம்பெனியில் எல்லாருக்கும் தெரிந்த ஷூ அது. முதலாளி! பஞ்சு மேடம் குமாஸ்தாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். ஷூ நேராக வந்து அவர்கள் மேஜைக்கு முன்னால் நின்றது. நாற்காலி மெதுவாக நகர்ந்தது.

வியர்த்து வழிந்த முதலாளியின் முகம் உள்ளே எட்டிப் பார்த்தது.

"கொஞ்சம் நகருங்கய்யா, வாட்ச்மேன் பின்னாலயே வர்றான்" என்று கிசுகிசுத்தபடி அவர் உள்ளே நுழைந்து, தன் லேப்டாப்பைத் திறந்து குமாஸ்தாவிடம் காட்டினார். "'எல்லாரும் மகிழ்ச்சியா நேரத்தோட வீட்டுக்குப் போங்க'ன்னு காலையில அறிவிப்பு போடணும். ரெண்டு மணி நேரமாத் தேடறேன்... இந்த 'ழ' எங்கய்யா இருக்கு?"