கறார் வாத்தியார்

ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் ஓட்டுநர். உள்ளே ரொட்டி மெல்லத் தலைதூக்கிக்கொண்டிருந்தது.

முப்பத்தோரு வருடம் தொலைதூரப் பேருந்து ஓட்டியவர். நாலு நாள் சேர்ந்தாற்போல் ஒரே இடத்தில் இருந்தால் தனக்கு உடம்புக்கு ஆகாது என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தவர். இப்போது சமையலறையிலிருந்து படுக்கையறைக்குப் பதினோரு எட்டு. திரும்பி வரப் பதினோரு எட்டு. பத்து மாதமாக அவருடைய வழித்தடம் இவ்வளவுதான்.

மனைவிக்குப் பக்கவாதம். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. புத்தியில் பழுதில்லை, பழக்கினால் இடது கையால் எழுதக்கூடச் செய்வார் என்றார் மருத்துவர்.

அவளோ எழுத்து அட்டையைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியவள்தான். ஊட்டினால் சாப்பிடுவாள். ஏதாவது கேட்டால் கண்ணை மூடிக்கொள்வாள்.

வாரத்தில் ஒரு நாள் மகள் வந்து இரண்டு மணி நேரம் இருப்பாள். அதற்குள் கடைகண்ணிக்கு ஓடிவிட்டு வந்துவிடுவார். மற்ற நாளெல்லாம் ஜன்னல்தான். தெருமுனையில் பேருந்து திரும்பும் சத்தம் கேட்டால் அவரையறியாமல் வலது கால் தரையை அழுத்தும்.

"இப்படியே உட்கார்ந்திருந்தா உங்களுக்கும் ஒரு கட்டில் வாங்கணும்ப்பா" என்றாள் மகள். அம்மாவின் பக்கத்தில் பொழுதுபோக்குக்கு ஒரு டேப்லெட்டை வைத்தாள். அப்பாவை, வீட்டில் ரொட்டி சுடுகிறவர்களின் போன் குழு ஒன்றில் சேர்த்துவிட்டுப் போனாள்.

ஓவன் மனைவியுடையது. அவள் அதில் என்ன சுட்டாள், எப்படிச் சுட்டாள் என்று அவர் கவனித்ததே இல்லை. தட்டில் இருந்ததைத் தின்றுவிட்டு வண்டியெடுக்கப் போய்விடுவார்.

அவருடைய முதல் ரொட்டியால் ஒருவர் மண்டையை உடைத்திருக்கலாம். வெட்கத்தை விட்டுப் படம் போட்டார்.

குழுவினர் தங்கமானவர்கள். ஒரு தையல்காரர், மாவை அடித்துப் பிசையாமல் இழுத்து இழுத்து மடிக்கச் சொன்னார். ஒரு நர்ஸ், குளிர் நாளில் மாவுப் பாத்திரத்தை வெந்நீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஆறாவது ரொட்டி மேல்தோல் வெடித்து உப்பி எழுந்தபோது, சமையலறையில் தனியாக நின்று சத்தம்போட்டுச் சிரித்துவிட்டார்.

ஒரே ஒருத்தர்தான் பாராட்டினதே கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. முகப்படம் இல்லை. எல்லோரும் கைதட்டி ஓய்ந்த பிறகு, ஆற அமர வந்து ஒரு வரி எழுதுவார். 'அவசரம்.' 'உப்பு பத்தாது.' 'நேத்தைக்கு இது தேவலை.'

படத்தைப் பார்த்தே உப்புச் சொல்கிற ஆள். கடுப்பாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னது ஒருநாளும் பொய்த்ததில்லை. ஓட்டுநர் அவருக்குக் கறார் வாத்தியார் என்று பெயர் வைத்திருந்தார். போகப் போக, மற்றவர்களின் கைதட்டலைவிட அந்த ஒற்றை வரிக்குத்தான் காத்திருந்தார்.

போன் அதிர்ந்தது. முக்காலியில் இருந்தபடியே எடுத்துப் பார்த்தார். கறார் வாத்தியார்தான்.

'போதும். எடுங்க. அடி கருகுது.'

பதறி எழுந்து துணியால் தட்டைப் பிடித்து இழுத்தார். ரொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடி கறுக்கத் தொடங்கியிருந்தது. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருந்தால் கரிதான்.

மேடையில் வைத்துவிட்டு மூச்சுவிட்ட பிறகுதான் உறைத்தது.

இன்றைக்கு அவர் படமே போடவில்லை. ரொட்டி சுடப்போவதாகக் குழுவில் ஒரு வார்த்தை சொல்லவுமில்லை.

போனைக் கையில் பிடித்தபடி படுக்கையறை வாசலுக்கு நடந்தார். தீய்ந்த வாடை அங்கேயும் வந்திருந்தது.

அவள் எப்போதும்போலச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

நின்ற இடத்திலேயே தட்டி அனுப்பினார்.

'எவ்வளவு நேரம் ஆறணும்?'

சுவரில் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது.

அவள் தோள் அசைந்தது. இடது கட்டைவிரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிப் போய்த் தொடுவதை அவர் பார்த்துக்கொண்டே நின்றார். தப்பாகத் தட்டியதை அழித்துவிட்டு மறுபடி தட்டினாள். வெகு நேரம் ஆயிற்று.

போன் அதிர்ந்தது.

'ஒரு மணி நேரம். அதுவரைக்கும் தெருவுல நடந்துட்டு வாங்க. நான் எங்கயும் ஓடிப்போயிட மாட்டேன்.'