செத்த பிறகு ஒரு சிரிப்பு

குமுதவல்லிக்குச் சினிமாவில் சாவதுதான் வேலை. கதாநாயகனின் தாயாக வந்து இடைவேளைக்குள் கண்ணை மூடிவிடுவாள். முப்பத்தொரு படங்களில் செத்திருக்கிறாள். பிணமாக நடித்தவர்கள் எழுந்து, காமிராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ஆகாது என்பது ஸ்டூடியோ வழக்கம். காமிரா அவள் முகத்தை மட்டும் பார்ப்பது அந்த ஒரு தடவைதான். அதையும் எடிட்டர் சபாபதி வெட்டி எறிந்துவிடுவார்.

முப்பத்திரண்டாவது படத்தில் வெட்ட மறந்துவிட்டார்.

முதல் நாள், முதல் காட்சி. மகன் கதறிக்கொண்டிருக்கும்போதே, பாடையில் கிடந்த தாய் எழுந்து உட்கார்ந்து திரை நிறையச் சிரித்தாள். கொட்டகையில் விசில் பறந்தது.

"ஐயோ, மானம் போச்சும்மா! அடுத்த காட்சிக்குள்ள வெட்டிடறேன்." குமுதவல்லிக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து சபாபதி பதறி எழுந்தார்.

குமுதவல்லி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உட்காருங்கண்ணே. முப்பத்தொரு தடவை வெட்டினீங்களே, கை வலிக்கலையா?"

"ஆத்தா, இன்னொரு தபா சிரி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

சட்டையை விடாமலேயே குமுதவல்லி எழுந்து திரும்பினாள். ப்ரொஜெக்டர் வெளிச்சம் நேராக அவள் முகத்தில் விழுந்தது.