உட்கார்ந்து ஓட்டும் மெஷின்

நவி மும்பை ஐரோலியில் பழைய மெஷின்கள் விற்கும் கடையில், தன் கணவன் ஓட்ட ஒரு புல்வெட்டி கேட்டு கனகவள்ளி விடாமல் பேரம் பேசினாள்.

"உட்கார்ந்து ஓட்டுத புல்வெட்டி விலை ஜாஸ்திதான், அக்கா. தள்ளிட்டுப் போறது பாதிக்கும் கம்மியாத் தாரேன். உங்க வீட்டுக்காரர் நடந்தா கால் தேஞ்சிருமா?" என்று சிரித்தார் கடைக்காரர் எட்வின்.

அவள் சிரிக்கவில்லை. "செம்பூர்ல ஸ்கூல் மைதானம் காண்ட்ராக்ட் எடுத்திருக்கோம். இதுதான் வேணும் அண்ணாச்சி. பிளேடு மழுங்கிக் கிடக்கு, டயரும் பழசு. நியாயமாச் சொல்லுங்க."

இழுபறிக்குப் பிறகு எட்வின் பத்தாயிரம் குறைத்தார். பணத்தைக் கொடுத்துவிட்டு, வெளியே நின்ற ஆட்டோவைப் பார்த்துக் கையசைத்தாள். அவள் கணவன் ஞானராஜ் ஊன்றுகோல்களோடு மெல்ல இறங்கினான். அவனுக்கு இடது கால் இல்லை.

எட்வின் பதறிப்போனார். "முதல்லயே சொல்லியிருந்தா இன்னும் குறைச்சிருப்பேனே, அக்கா!"

"அதனாலதான் விலை முடியுத வரைக்கும் அவுக ஆட்டோவ விட்டு இறங்கல" என்றாள் கனகவள்ளி.